கணக்கில் வராத இரண்டு பெண் கொரில்லாக்கள்: கிளீவ்லேண்ட் ஜூ, 1991 முதல் 2021 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

1991-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் கிளீவ்லேண்ட் ஜூ, தன்னிடம் இருந்த ஓர் ஆண் கொரில்லாவை நியூயார்க்கின் பிராங்க்ஸ் ஜூவுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. பெயர் டிம்மி. ஜூக்கள் விலங்குகளை இப்படி இடம் மாற்றுவது அன்றாட வேலை, பெரும்பாலும் உள்ளூர் பேப்பரில் ஒரு மூலைச் செய்தியாகக்கூட வராது. இந்த முறை ஊரே ரெண்டுபட்டது. போராட்டம் நடந்தது, விவகாரம் கோர்ட் வரை போனது, தேசிய அளவில் செய்தியானது. காரணம் டிம்மி அல்ல, டிம்மியோடு இருந்த கேட்டி.

கேட்டி ஒரு பெண் கொரில்லா. 1990-ல்தான் கிளீவ்லேண்டுக்கு வந்தாள். (பெயர் வைத்த பிறகு ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்கவும்.) அதற்கு முன்பு டிம்மிக்கு வேறு பெண்களை அறிமுகப்படுத்திப் பார்த்திருந்தார்கள், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டியோடு மட்டும் ஒட்டிக்கொண்டான். இருவரும் சேர்ந்தே இருந்தார்கள், இணை சேர்ந்தார்கள். ஆனால் கேட்டிக்குக் குட்டி பிறக்க வாய்ப்பில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. டிம்மியைக் குட்டிகள் பிறக்கக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள் என்று பரிந்துரை வந்தது.

இந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஜூ கொரில்லாக்களை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பது மொத்தமும் வெளியே வந்துவிடும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். அதே ஜூவில் சரியாக முப்பது வருடம் கழித்து நடந்த இன்னொரு விஷயமும் இதில் சேர்கிறது.

முதலில் அந்தப் பதிவேடு

வட அமெரிக்க ஜூக்களில் இருப்பவை எல்லாமே மேற்குத் தாழ்நில கொரில்லாக்கள். மலை கொரில்லா எந்த ஜூவிலும் இல்லை. அமெரிக்க ஜூக்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஐம்பது சொச்சம் இடங்களில் மொத்தம் 350 கொரில்லாக்கள் போல இருக்கின்றன. சராசரியாக ஒரு ஜூவுக்கு ஏழுதான். ஆகவே ஒரு ஜூ தன் கொரில்லாக்களை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தைப் பெருக்க நினைத்தால் இரண்டே தலைமுறையில் அண்ணன் தங்கையில் வந்து முட்டும். அதனால் எல்லா ஜூக்களிலும் இருப்பதை ஒரே மந்தையாகக் கணக்கு வைக்கிறார்கள். 1981-ல் தொடங்கிய எஸ்.எஸ்.பி. (ஸ்பீசிஸ் சர்வைவல் பிளான், அருகிவரும் இனங்களை ஜூக்களில் தக்கவைக்கும் திட்டம்) என்ற திட்டத்தின் அடிப்படையே இதுதான். ஐரோப்பாவில் இதே வேலையை இ.இ.பி. என்ற திட்டம் செய்கிறது. எந்த ஆண் எங்கே போக வேண்டும், எந்தப் பெண்ணுக்கு இந்த வருடம் கருத்தடை மாத்திரை, யாருக்கு நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஒரு குழு உட்கார்ந்து பரிந்துரைக்கும். மாத்திரை என்றால் மனுஷிகள் சாப்பிடும் அதே மாத்திரைதான், தினமும் ஒன்று, பழத்திலோ ஜூஸிலோ வைத்துக் கொடுப்பார்கள். கர்ப்பமா என்று பார்க்கவும் நாம் மெடிக்கலில் வாங்கும் அதே கிட் வேலை செய்யும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வம்சாவளிப் பதிவேடு, ஜூக்காரர்கள் பாஷையில் ஸ்டட்புக். ஒவ்வொரு கொரில்லாவுக்கும் ஓர் எண், அப்பா அம்மா யார், எங்கே பிறந்தது, எந்தத் தேதியில் எங்கே மாறியது, எப்போது செத்தது, எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள்: இப்போது உயிரோடு இருக்கும் மற்ற எல்லாக் கொரில்லாக்களோடும் சராசரியாக இதற்கு எவ்வளவு ரத்த உறவு இருக்கிறது என்று. எண் குறைய குறைய அந்த விலங்குக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதன் மரபணுக்கள் வேறு யாரிடமும் அதிகம் இல்லை என்று அர்த்தம். பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு, நூறு வருடம் கழித்தும் தொடக்கத்தில் இருந்த மரபணு வகைகளில் 90 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பது.

இப்போது டிம்மியைப் பாருங்கள். 1959 வாக்கில் கேமரூன் காட்டில் பிறந்தவன். குட்டியாக இருக்கும்போதே பிடிக்கப்பட்டவன். அந்தக் காலத்தில் ஒரு கொரில்லாக் குட்டியைப் பிடிப்பது என்றால் தாயையும் தடுக்க வரும் பெரியவர்களையும் சுட்டுக் கொன்றுவிட்டுத்தான் பிடிப்பார்கள், இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மெம்ஃபிஸ் ஜூவில் கொஞ்ச காலம், பிறகு 1966-ல் கிளீவ்லேண்ட். 1973-ல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டமும் 1975-ல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தமும் வந்த பிறகு காட்டிலிருந்து கொரில்லா கொண்டுவருவது நின்றுபோனது. அதாவது கடை மூடியாச்சு, கையில் இருப்பதை வைத்துத்தான் இனி காலம் தள்ள வேண்டும். காட்டில் பிறந்து, 32 வயது வரை ஒரு வாரிசும் இல்லாமல் இருக்கும் ஆண், கணக்கு போடுபவர்களின் கண்ணில் தங்கக் கட்டி. அவன் குட்டி இல்லாமல் செத்தால் அவனோடு ஒரு முழு வம்சமே செத்துப்போகும். அந்தக் குட்டிக்காகக் காட்டில் செத்த மற்ற கொரில்லாக்களுக்கும் அர்த்தம் இல்லாமல் போகும் என்று நான் சேர்த்துக்கொள்வேன், அது பதிவேட்டில் வராது என்றாலும்.

அதே பதிவேட்டில் கேட்டியின் மதிப்பு பூஜ்யம். குட்டி பிறக்காது, முடிந்தது கதை.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்

சுருக்கமாக: குடும்பத்தைப் பிரிக்காதீர்கள். முதன்முறையாக ஒரு துணை கிடைத்திருக்கிறது, அதையும் பிடுங்குவது கொடுமை. ஜூ தரப்பின் பதில்: மனித உணர்ச்சிகளை விலங்கின் தலையில் ஏற்றாதீர்கள். கோர்ட் பயணத்தைத் தடுக்கவில்லை, டிம்மி அந்த வருடமே பிராங்க்ஸ் போய்ச் சேர்ந்தான்.

எனக்கு இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் பாதி பாதி சரி என்று படுகிறது. கணவன் மனைவி மாதிரி ஒரு ஜோடி என்பது கொரில்லாவின் வாழ்க்கை முறையே கிடையாது. முதுகு வெள்ளை விழுந்த ஒரு பெரிய ஆண், சில்வர்பேக் என்பார்கள், அவனைச் சுற்றி மூன்று நான்கு பெண்கள், அவர்களுடைய குட்டிகள், இதுதான் கொரில்லா குடும்பம். ஆண் ஒன்று பெண் ஒன்று என்று வாங்கி வைப்பது பழைய கால ஜூக்களின் பழக்கம், தபால்தலை சேர்ப்பது மாதிரி. 1956 டிசம்பர் 22 அன்று கொலம்பஸ் ஜூவில் பிறந்த கோலோ, மனிதர்களின் பராமரிப்பில் பிறந்த உலகின் முதல் கொரில்லா, அவளும் அப்படிப்பட்ட ஒரு ஜோடிக்குப் பிறந்தவள்தான். தாய் சீந்தாமல் விட்டதால் மனிதர்கள் கையில் வளர்ந்தாள். ஜோடியாக வைத்தால் குட்டி பிறக்கலாம், ஆனால் மற்ற பெண்கள் பிரசவிப்பதையும் பால் கொடுப்பதையும் பார்த்து வளராத பெண்ணுக்குத் தாய்மை எங்கிருந்து வரும்? குட்டியைத் தலைகீழாகப் பிடிப்பது, தரையில் போட்டுவிட்டுப் போவது என்று எத்தனையோ ஜூக்களில் நடந்திருக்கிறது.

சரி, அதற்காக டிம்மிக்கும் கேட்டிக்கும் இடையில் இருந்தது ஒன்றுமில்லை என்றாகிவிடுமா? கொரில்லாக்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும். காட்டில் ஒரு பெண் தனக்குப் பிடிக்காத குழுவை விட்டு வேறு ஆணிடம் போய்விடும். அந்தச் சுதந்திரம் ஜூவில் கிடையாது, கம்பிக்கு வெளியே இருக்கும் நாம்தான் அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். பத்து இருபது வருடம் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத ஆண் ஒருத்தியோடு ஒட்டினான் என்றால் அது தகவல். மனித உணர்ச்சி என்று தள்ளிவிட்டால் அந்தத் தகவலும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

பிறகு என்ன ஆனது

டிம்மி விஷயத்தில் கணக்கு போட்டவர்கள் ஜெயித்தார்கள், அதுவும் அபாரமாக. பிராங்க்ஸில் பல பெண்களோடு சேர்ந்து வாழ்ந்தான், மொத்தம் 13 குட்டிகளுக்கு அப்பாவானான். 1999-ல் திறந்த பிராங்க்ஸின் பெரிய கொரில்லாக் காட்டில், ஆறரை ஏக்கர், புல்லும் மரமுமாக, கொஞ்ச வருடம் வாழ்ந்தான். 2004-ல் லூயிவில் ஜூவுக்கு மாறினான். 2011 ஆகஸ்டில் 52 வயதில் இறந்தபோது வட அமெரிக்காவில் இருந்த ஆண் கொரில்லாக்களிலேயே மூத்தவன் அவன்தான். காட்டில் முப்பத்தைந்தைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

32 வயது வரை குடும்பம் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தவன் ஒரு குழுவையே கட்டி ஆண்டான் என்பது சின்ன விஷயமில்லை. இதே மாதிரி இன்னொன்று அட்லாண்டாவில் நடந்தது. வில்லி பி. என்ற ஆண் 1961-லிருந்து 27 வருடம் ஒரு கான்கிரீட் அறையில் தனியாக இருந்தான், கூடவே ஒரு டயர் ஊஞ்சலும் ஒரு டி.வி.யும். 1988-ல்தான் முதன்முறையாக மண்ணில் கால் வைத்தான், பிறகு மற்ற கொரில்லாக்களோடு பழகினான், 1994-ல் முதல் குட்டி குட்ஸூ பிறந்தாள், 2000-ல் சாகும் முன் ஐந்து குட்டிகள். தனிமையில் கெட்டுப்போன ஆண் திருந்த மாட்டான் என்று கைவிட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு பேரும் போதும்.

கேட்டி விஷயத்தில்தான் சறுக்கல். டிம்மி போன பிறகு அவளோடு வேறு ஓர் ஆணைச் சேர்த்தார்கள், ஒத்துவரவில்லை, தாக்கப்பட்டுக் காயமடைந்தாள். டிம்மியை எங்கே அனுப்புவது, யாரோடு சேர்ப்பது, எத்தனை பெண்கள் என்பதற்கெல்லாம் திட்டம் இருந்தது. பின்னால் தங்கிவிடும் கேட்டிக்கு அதே அளவு யோசித்தார்களா என்று கேட்டால் நடந்ததை வைத்து எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்த்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு பேசியிருந்தால் அவர்கள் வாதம் இன்னும் பலமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காதலைப் பிரிக்காதே என்றார்கள். மிச்சம் இருப்பவளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்க வேண்டும்.

புது ஆளைச் சேர்ப்பது எப்படி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரு இடமாற்றம் பிழைப்பதும் தோற்பதும் இங்கேதான். புதிதாக வந்த கொரில்லா முதலில் ஒரு மாதம் போல தனிமைப்படுத்தலில் இருக்கும், நோய் எதுவும் கொண்டுவரவில்லை என்று உறுதியாக. அப்புறம் பக்கத்து அறை. முதலில் சத்தமும் வாசனையும், பிறகு பார்வை, பிறகு நடுவில் ஒரு கம்பி வலை. அந்த வலை வழியாக விரலை நீட்டுகிறார்களா, முகர்கிறார்களா, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறார்களா என்று நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் எழுதி வைப்பார்கள். கதவைத் திறப்பது கடைசியில். திறக்கும்போதும் ஒரு பெண்ணோடு மட்டும், நிறைய வாசல்கள் உள்ள இடத்தில், மாட்டிக்கொள்ள மூலை இல்லாதபடி. கீப்பர்கள் கையில் தண்ணீர் பைப்பும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சத்தமும் கொஞ்சம் ரத்தமும் சகஜம். கடித்த காயத்தைப் பார்த்துப் பயந்து சீக்கிரமாகப் பிரித்துவிட்டால் அடுத்த முறை இன்னும் மோசமாகும். பிரிக்காமலே விட்டால் உயிர் போகலாம். எந்த நொடியில் குறுக்கே போக வேண்டும் என்பது அந்தக் கொரில்லாக்களை வருடக் கணக்கில் பார்த்த கீப்பருக்குத்தான் தெரியும், எந்த மென்பொருளும் சொல்லாது.

குழுவில் கைக்குட்டி இருக்கும்போது புது ஆணைக் கொண்டுவருவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. தன் ரத்தம் இல்லாத குட்டியைப் புது சில்வர்பேக் கொல்வது காட்டிலும் உண்டு. லண்டன் ஜூவில் 2010-ல் சில்வர்பேக் யெபோவா இறந்துபோனான், அவனுடைய குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த முஜுகு அக்டோபரில் பிரசவித்தாள். குட்டிக்கு டைனி என்று பெயர். புது ஆண் கேஷோவோடு மெதுவாகத்தான் பழக்கினார்கள், அப்படியும் 2011 மே மாதம் அறிமுகத்தின்போது டைனிக்குக் கை உடைந்தது, பிழைக்கவில்லை. காத்திருந்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். ஆண் இல்லாத குழு தனக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் என்பதும், குட்டி பால் மறக்க மூன்று நான்கு வருடம் ஆகும் என்பதும் அந்த முடிவை எடுத்தவர்கள் முன்னால் இருந்த நிஜங்கள்.

மிஞ்சிப்போகும் ஆண்கள்

டிம்மி போன பிறகு கிளீவ்லேண்டுக்கு வந்தவர்களில் இரண்டு ஆண்கள்: பெபாக், மொகோலோ. தொண்ணூறுகளில் வந்து சேர்ந்த இவர்கள் பெண் துணை இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக இருபது வருடத்துக்கும் மேல் வாழ்ந்தார்கள். இது தண்டனையோ அலட்சியமோ இல்லை, எளிய கூட்டல் கழித்தல். குட்டிகளில் பாதி ஆண், பாதி பெண். ஒரு குழுவுக்குத் தேவைப்படும் ஆண் ஒன்றே ஒன்று. ஒருவனுக்கு நான்கு பெண்கள் என்றால் நான்கு ஆண்களில் மூன்று பேருக்குக் குடும்பமே கிடையாது. காட்டில் அவர்கள் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஜூவில் எங்கே சுற்றுவது? ஒவ்வொருவனுக்கும் 160 கிலோவுக்கு மேல் உடம்பு, நாற்பது வருட ஆயுள், தனி இடம்.

ஆகவே ஆண்களை மட்டும் சேர்த்துப் பேச்சலர் குழு அமைக்கிறார்கள். டெனரிஃப் தீவின் லோரோ பார்க்கே, இங்கிலாந்தின் பெய்ன்டன் ஆகிய ஜூக்கள் எல்லாம் இதில் பழைய கைகள். சின்ன வயதிலேயே சேர்த்தால் ஓரளவு ஒத்துப்போகும், பெண் வாசனையே படக் கூடாது, முதுகு வெளுக்கும் பன்னிரண்டு பதிமூன்று வயதில் உரசல் ஆரம்பிக்கும், அப்போது பிரித்து வைக்கக் கூடுதல் அறைகள் வேண்டும். சில குழுக்கள் பல வருடம் ஓடும், சில ஒரே இரவில் உடையும். ஐரோப்பாவில் சில ஜூக்கள் குட்டி ஆண்களுக்கு விதையடித்துப் பிறந்த குடும்பத்திலேயே வைத்துப் பார்க்கவும் செய்தார்கள். அப்படிச் செய்தால் முதுகும் வெளுக்காது, முரடும் வராது, அப்பாவோடு மோதாமல் கடைசி வரை இருக்கலாம் என்பது யோசனை. எனக்கு இது உறுத்துகிறது, ஆனால் நாற்பது வருடம் ஒருவனைத் தனி அறையில் வைப்பதைவிட இது கேவலமா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வரவில்லை.

பெபாக், மொகோலோ இருவரையும் வைத்து கிளீவ்லேண்ட் செய்த ஒரு வேலை மற்ற ஜூக்களுக்கும் பயன்பட்டது. ஜூவில் இருக்கும் ஆண் கொரில்லாக்களைக் கொல்லும் முதல் எதிரி இதய நோய். கிளீவ்லேண்டிலேயே 2005-ல் ப்ரூக்ஸ் என்ற ஆண் வெறும் 21 வயதில் இதயம் நின்று இறந்தான். அதுவரை சாப்பாடு என்பது சத்து சேர்த்துச் செய்த பிஸ்கட் ஒரு வாளி, மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடுதல். பத்து நிமிடத்தில் வாளி காலி, மீதி நாள் முழுக்க வேலை இல்லை. சாப்பிட்டதைத் தானே கக்கி மறுபடி சாப்பிடும் பழக்கம் ஜூ கொரில்லாக்களிடம் பரவலாக உண்டு, பார்வையாளர்கள் முகம் சுளித்து நகர்ந்துவிடுவார்கள், கீப்பர்களுக்கு அது பழகிப்போன காட்சி.

அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் பிஸ்கட்டை அடியோடு நிறுத்தினார்கள். பதிலாகக் கீரை வகைகள், ரொமெய்ன் லெட்யூஸ், என்டைவ், டேன்டேலியன் இலை, கடித்துத் தோலை உரிக்க மரக்கிளைகள், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலரை கிலோ காய்கறி. வாழைப்பழம் மூன்றே மூன்று, அதற்குள் வயதானவர்கள் போட்டுக்கொள்ளும் மல்டிவைட்டமின் மாத்திரையைச் செருகி. எல்லாவற்றையும் இடம் முழுக்க இறைத்துவிடுவார்கள், தேடித் தேடிச் சாப்பிட வேண்டும். முன்பு நாளில் கால்வாசி நேரம் சாப்பாட்டில் போனது, இப்போது பாதிக்கு மேல். வேடிக்கை என்னவென்றால் கலோரி கணக்கில் முன்பைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள், ஒரு வருடத்தில் ஆளுக்கு 29 கிலோ இளைத்தார்கள். கக்கிச் சாப்பிடும் பழக்கமும் நின்றுபோனது. 2011-ல் இது வெளியே வந்தது.

மார்பைக் கம்பி வலையோடு ஒட்டி நிற்கப் பழக்கி, மயக்க மருந்து இல்லாமலே இதயத்துக்கு ஸ்கேன் எடுப்பதும் இப்போது பல ஜூக்களில் நடக்கிறது. பரிசு ஒரு திராட்சை. 180 கிலோ மிருகம் ஒரு திராட்சைக்காக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

பெபாக் இறந்த பிறகு மொகோலோ தனியானான். முப்பது வயதுக்காரன், வாழ்நாளில் பெரும்பகுதி பேச்சலர். அவனுக்கு முதலில் துணையாக வந்தவள் ஃப்ரெடி, முழுப்பெயர் ஃப்ரெட்ரிகா, நாற்பதைத் தாண்டியவள். இனிக் குட்டி போடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கும் வயதில்லை. பதிவேட்டின் கண்ணில் அவளும் கேட்டி மாதிரிதான், பூஜ்யம். பிறகு இளம் பெண்களையும் சேர்த்து முழுக் குழுவாக்கினார்கள். கவனியுங்கள், 1991-ல் ஒரு ஜோடியைப் பிரித்த அதே ஜூ இப்போது இனப்பெருக்கத்துக்கு முன்னால் துணையை யோசித்தது.

2021 அக்டோபர் 26

அன்று கிளீவ்லேண்டில் ஓர் ஆண் குட்டி பிறந்தான். தாய் நெகா, தகப்பன் மொகோலோ. 1882-ல் தொடங்கிய அந்த ஜூவின் 139 வருட வரலாற்றில் அங்கே பிறந்த முதல் கொரில்லாக் குட்டி இவன்தான். பிறகு கயெம்பே என்று பெயர் வைத்தார்கள்.

பிறந்ததும் சிக்கல். நெகா குட்டியைச் சரியாகக் கவனிக்கவில்லை. இங்கே ஒரு தவறு செய்தால் அது இருபது வருடம் தொடரும்: மனிதர்கள் கையில் மட்டுமே வளரும் குட்டிக்குத் தான் கொரில்லா என்பதே சரியாகப் பிடிபடாது, பெண்ணாக இருந்தால் தாயாகத் திணறும், ஆணாக இருந்தால் இணை சேரவும் குழுவில் அடங்கவும் திணறும். கோலோ காலத்தில் குட்டிக்குக் கவுன் மாட்டிப் புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இப்போது அப்படி இல்லை. 2013-ல் டெக்சாஸில் தாய் ஏற்காத கிளாடிஸ் என்ற பெண் குட்டியைச் சின்சினாட்டிக்குக் கொண்டுபோனபோது கீப்பர்கள் கறுப்பு உடையும் ரோமம் வைத்த சட்டையும் போட்டுக்கொண்டு, இரவு பகலாக முறை வைத்து, கைகால் ஊன்றி நடந்து, கொரில்லா மாதிரி உறுமி, குட்டி சட்டையைப் பிடித்துத் தொங்கும்படி வளர்த்தார்கள். எல்லாம் மற்ற கொரில்லாக்களின் கண்ணெதிரே. சில மாதத்தில் ஒரு வளர்ப்புத் தாயிடம் ஒப்படைத்தார்கள். சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்தது.

கயெம்பேவுக்கும் அதே வழி. கொஞ்ச காலம் மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் குழுவில் யார் குட்டியின் சத்தத்துக்குத் திரும்புகிறார்கள், யார் வலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஃப்ரெடி ஏற்றுக்கொண்டாள். அப்போது அவளுக்கு 47 வயது.

வளர்ப்புத் தாயிடம் பால் இருக்காது, அது மனிதர்களிடம்தான். அதனால் இந்த முறையில் எல்லாமே ஒரு சின்னப் பழக்கத்தில் நிற்கிறது. கீப்பர் புட்டியோடு கம்பி வலைப் பக்கம் வந்து கூப்பிடும்போது, வயதான அந்தப் பெண் எழுந்து, குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்து, வலையோரம் உட்கார்ந்து, குட்டி குடித்து முடிக்கும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை, மாதக் கணக்கில். குடித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பாட்டுக்கு எழுந்து போய்விடுவாள்.